காவலன் குரலும் கள்வன் சுவடும்

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வழியில், கடலை அடுத்து நுரைச்சோலை என்னும் ஊர் இருக்கிறது. ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று வலுவுடைய மூன்று மின்பிறப்பாக்கிகளைக் கொண்ட லக்விஜய அனல்மின் நிலையம் அங்கேதான் அமைந்துள்ளது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிறு முற்பகல் பதினொரு மணி கடந்த சிறிது நேரத்தில், அம்மூன்று பொறிகளும் நின்றுவிட்டன. இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. அன்று மாலைக்குள் விளக்குகள் மீண்டும் எரிந்தன. ஆயினும், நுரைச்சோலைப் பொறிகள் மறுபடியும் இயங்கச் சில நாட்கள் சென்றமையால், அடுத்த நாட்களில் முறைவைத்து மின்சாரத்தை வெட்ட நேர்ந்தது.

அப்படியாயின் பழுது நுரைச்சோலையில் தோன்றியதா? இல்லை. கொழும்புக்குத் தெற்கே, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தீண்டியதே தொடக்கம் என்று அதிகாரிகள் அறிவித்தனர். விடுமுறை நாளாதலின் மின் தேவை குறைவு. வெயில் மிகுதியால் சூரிய மின்சாரம் அதிகம். அதிர்ச்சியைத் தாங்கும் பாரமான சுழற்பொறிகள் அவ்வேளை குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஆட்டம் கண்ட வலையமைப்பிலிருந்து நுரைச்சோலைப் பொறிகளை அவற்றின் காப்புக் கருவிகள் துண்டித்துவிட்டன. கேடு பிறந்த இடம் ஒன்று; அது வெளிப்பட்ட இடம் நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் வேறொன்று.

இதே உண்மை கணினியின் உள்ளேயும் நாள்தோறும் மெய்ப்படுகிறது. அங்கும் காவலன் கூவும் இடத்தில் கள்வன் இருப்பதில்லை.

கணினியின் நினைவகத்தைப் புத்தளத்து உப்பளத்தோடு ஒப்பிடலாம். உப்பளம் பாத்தி பாத்தியாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஒரு பாத்தியின் நீர் மற்றொன்றிற் புகாமல் வரப்புகள் காக்கும். நினைவகமும் அவ்வாறே, பக்கங்கள் எனப்படும் சம அளவான பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. இன்றைய கணினிகளிற் பெரும்பாலும் ஒரு பக்கம் 4096 பைற்று கொள்ளும். எந்தப் பக்கம் எந்த நிரலுக்கு உரியது, அதைப் படிக்க மட்டும் உரிமையா, எழுதவும் உரிமையா என்பன ஓர் ஏட்டிற் குறிக்கப்பட்டிருக்கும். நிரல் ஒவ்வொரு முறை நினைவகத்தை நாடும்போதும் அந்த ஏட்டின்படி சரிபார்க்கும் மின்சுற்று ஒன்று உண்டு. நினைவக மேலாண்மை உறுப்பு என்பது அதன் பெயர். மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 1962 டிசம்பரில் தொடக்கி வைக்கப்பட்ட அற்லஸ் கணினியிலேயே பக்கங்களாகப் பிரிக்கும் இம்முறை கையாளப்பட்டது.

சாதாரண நிரல் ஒன்று வரப்பு மீறினால், காவல் உறுப்பு அதைத் தடுத்துப் பணிசெயல் முறைமையிடம் முறையிடும். அந்த நிரல் மட்டும் நிறுத்தப்படும். மற்றவை தொடர்ந்து ஓடும். ஆனால் பணிசெயல் முறைமையின் கருவாகிய கேர்னலினுள் இயங்கும் இயக்கிகளின் நிலை வேறு. வலையட்டை, வட்டு, திரை முதலிய கருவிகளை நடத்தும் இந்த இயக்கிகளுக்கும் கருவுக்கும் இடையில் பொதுவாக வரப்பே கிடையாது. அங்கு ஒருவர் தவறினால் யாருடைய கணக்கு கெட்டது என்று சொல்ல இயலாது. கெட்ட கணக்கோடு தொடர்ந்தால் வட்டில் உள்ள செல்வமும் அழியக்கூடும். ஆதலால் கணினி முழுவதுமே நின்றுவிடுகிறது.

இதன் விலை எத்துணை பெரியது என்பதை 2024 ஜூலை 19ஆம் நாள் உலகம் கண்டது. கிரௌட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. மைக்ரோசொஃப்ற்றின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன. இந்திய விமான நிலையங்களிற் சில பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டு வழங்கப்பட்டது. இங்கிலாந்தில் மருத்துவர் பலர் நோயாளரின் குறிப்புகளைத் திறக்க இயலாது தவித்தனர். கோப்பு 78 நிமிடங்களில் மீட்டுக்கொள்ளப்பட்டது. எனினும், விழுந்த கணினிகளிற் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையாலேயே திருத்த வேண்டியதாயிற்று.

காரணம் யாது? 21 உள்ளீடுகள் உண்டெனக் கொண்ட ஒரு வரையறைக்கு, அதை நடத்தும் நிரற்பகுதி இருபதையே கொடுத்தது. புதிய கோப்பு இருபத்தோராவதைக் கேட்டதும், கேர்னலில் இயங்கிய இயக்கி எல்லை கடந்து சென்று, அங்கே கிடந்த பொருந்தா எண்ணை முகவரியாகக் கொண்டது. அம்முகவரிக்கு ஏட்டில் பக்கமே இல்லை. காவல் உறுப்பு கூவியது. ஜூலையிற் கூவியதேயன்றி, தவறு பெப்ரவரியிலேயே வெளியாகியிருந்தது. அதுவரை வந்த கோப்புகள் அந்த இடத்தில் எதுவாயினும் ஏற்கத்தக்கது என்று குறித்திருந்தமையால், பிழை ஐந்து மாதங்கள் உறங்கிக் கிடந்தது.

ஆகவே, இத்தகைய பழுதை ஆராயும் பொறியியலாளர் காவலனைக் குற்றஞ்சாட்டுவதில்லை; அவன் விட்டுச்சென்ற குறிப்பைப் படிக்கிறார். மீறப்பட்ட முகவரி எது, மீறியது எந்தக் கட்டளை, அக்கட்டளையை அழைத்தவர் யார், அவரை அழைத்தவர் யார் என்று வரிசையாகப் பின்னோக்கிச் செல்கிறார். முகவரி சுழியமாகவோ சுழியத்தை அடுத்தோ இருந்தால், நிரப்பப்படாத குறிப்பு ஒன்று பயன்பட்டிருக்கலாம். பயன் முடிந்து திருப்பிக் கொடுத்த நினைவகத்தைச் சோதனையின்போது ஓர் அடையாள எண்ணால் நிரப்பி வைப்பர். பழுதுக் குறிப்பில் அந்த எண் தலைகாட்டினால், கைவிட்ட வீட்டுக்குள் யாரோ மீண்டும் நுழைந்தது புலனாகும்.

இன்னொரு வினாவும் உண்டு: குற்றம் நிரலிலா, பொறியிலா? பல கணினிகளில் ஒரே கட்டளையில் விழுமாயின் ஐயம் நிரலின்மேற் செல்லும். ஒரே ஒரு கணினி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுமாயின், நினைவகச் சில்லை மாற்றிப் பார்ப்பது அறிவுடைமை. ஆயினும் இவ்விதி எப்போதும் பொருந்துவதன்று. வலையட்டை போன்ற கருவிகள், மையச் செயலியின் காவலைக் கடக்காமலே நினைவகத்தில் நேரே எழுத வல்லவை. அட்டை எழுதி முடிக்குமுன் இயக்கி அப்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அதைப் புதிதாகப் பெற்ற குற்றமற்ற நிரல் சிதைந்துபோகும். காவலன் ஒன்றும் அறியான். இதற்காகவே கருவிகளின் வழியிலும் தனியொரு காவல் உறுப்பை இக்காலத்தில் அமைக்கின்றனர். சோதனையின்போது அதைக் கண்டிப்பாக இயங்கவிட்டால், மறைந்து நின்ற இயக்கி அகப்படும்.

பாணந்துறையில் நேர்ந்ததற்கு நுரைச்சோலையை மட்டும் பழுதுபார்த்தால் நோய் தீராது. பழுதுக் குறிப்பு தொல்லை தருகிறதென்று காவலைத் தளர்த்துவதும் அத்தகையதே. வரப்பை வெட்டிவிட்டால் உடைப்பு தெரியாது, உப்புத்தான் கெடும். கூவிய காவலனுக்கு நன்றி கூறி, சுவட்டைத் தொடர்ந்து பொறுமையோடு பின்னே நடப்பவரே கள்வனைக் காண்பார்.