அன்று நான் பேசியது
(கவரைப்பேட்டைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2024 அக்டோபர் 11, இரவு எட்டரை மணியளவில், மைசூரிலிருந்து தர்பங்கா சென்ற பாக்மதி எக்ஸ்பிரஸ், இதோ இந்தக் கவரைப்பேட்டை நிலையத்திலே, நின்றிருந்த சரக்கு ரயில்மீது மோதிற்று. சிக்னல் கிடைத்ததோ மெயின் லைனுக்கு. வண்டி புகுந்ததோ லூப் லைனில்! பெட்டிகள் புரண்டன, பலர் காயமுற்றனர், நல்லவேளையாக உயிர் ஒன்றும் போகவில்லை. இருட்டிலே ஓடிச்சென்று கைகொடுத்தவர்கள் நீங்கள்.

நீங்கள் கைகொடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், வெளியே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு சாரார் ‘சதி’ என்றனர். மறுசாரார் ‘அலட்சியம்’ என்றனர். அந்த மறுசாராரில் அடியேனும் ஒருவன். டில்லியைச் சாட ஒரு வாய்ப்பு, விடுவேனா?

பாலசோரை ஆதாரமாகக் காட்டினேன். 2023 ஜூன் 2-ஆம் நாள், ஒடிசாவில், கோரமண்டல் எக்ஸ்பிரஸும் இப்படித்தான் லூப் லைனில் புகுந்து சரக்கு ரயில்மீது மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிணங்களை எண்ணி முடிக்குமுன்பே, பக்கத்திலிருந்த கட்டடம் மசூதி என்று சொல்லி ஒரு மதத்தார்மீது பழி போட்டனர் சிலர். அதுவோ இஸ்கான் கோயில்! ஒடிசா காவல்துறையே எச்சரிக்கை விடவேண்டியதாயிற்று. பின்னர் ரயில் பாதுகாப்பு ஆணையர் கண்டறிந்ததோ, சிக்னல் இணைப்பு வேலையில் நேர்ந்த தவறு.

“அங்கே தவறு, ஆகவே இங்கும் தவறு!” கைதட்டல் பலமாகவே இருந்தது.

2025-இல், கவரைப்பேட்டை விபத்து பற்றிய ஆணையரின் முடிவு வெளிவந்தது. தண்டவாளம் பிரியும் இடத்திலே பாகங்களை வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள். நாசவேலை என்றார் அவர். ஒரே மாதிரி மோதல், காரணமோ நேர்மாறு!

நான் நாடகம் எழுதுகிறவன். நாடகத்திலே வில்லன் யார் என்பதை முதல் காட்சிக்கு முன்பே நான் முடிவு செய்யலாம். ஏட்டுக்கு எழுதுகிறவனுக்கு அந்த உரிமை ஏது? அன்றிரவே ‘சதி’ என்று முழங்கியவர்களிடமும் ஆதாரம் இருக்கவில்லை. குருட்டடி பலித்தது, அவ்வளவுதான். கழற்றிய கை எது என்று காட்டவேண்டியது புலனாய்வு. அதற்குமுன் அந்தக் கைக்கு மதமோ கட்சியோ சூட்ட எவருக்கும் உரிமையில்லை, நம் ஏட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

“நமக்குப் பாதகமான அறிக்கையை நாமே வெளியிடுவதா?” என்று கேட்டார் ஒரு தோழர். நம் ஏட்டைக் காசு கொடுத்து வாங்குகிற இந்த ஊர்த் தொழிலாளி, நாளைக் காலை அதே தண்டவாளத்தில் வேலைக்குப் போகிறவன். எதனால் வண்டி புரண்டது என்று அவனுக்குத் தெரியவேண்டாமா?

அன்று என் பேச்சைக் கேட்டுக் கைதட்டியவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். உங்கள் முன்னிலையில் சொல்லுகிறேன்: அலட்சியம் என்று அன்று நான் பேசியதற்கு என்னிடம் சான்று ஏதும் இல்லை. அதை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.