தனிப் பெயரில் வாழ்ந்த தாய்

(பங்கின் யூபிலி விழாவில், மறைந்த முதியோரை நினைவுகூர்ந்த நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்த யூபிலி ஆண்டில் கோயிலுக்கு வெள்ளையடித்தோம், கொடிமரத்தைப் புதுப்பித்தோம், இங்கு பணியாற்றிய குருக்களின் பெயர்களைக் கல்லில் பொறித்தோம். இவையெல்லாம் நன்றே. ஆயினும் அந்தக் கல்லில் இடம்பெறாத ஒருவரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். சென்ற தவக்காலத்தில் தமது 95-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்த நம் மீன்காரப் பாட்டியாரைத்தான் சொல்கிறோம். அவர்கள் பெயரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். இம்மேடையில் நாம் அதைச் சொல்லப்போவதில்லை. அதன் காரணத்தை இறுதியில் உரைப்போம்.

1930-இல் நம் கோட்டாறு மறைமாவட்டம் பிறந்தபோது பாட்டியார் கைக்குழந்தை. சிறு பெண்ணாக இருந்தபோதே தாயாரோடு கடவம் சுமந்தவர்கள். அந்நாளில் நற்கருணை வாங்க வேண்டுமானால் நடுநிசி முதல் ஒரு சொட்டுத் தண்ணீரும் பருகலாகாது. அவ்விதி தளர்ந்தது 1953-இல்தான். அதுவரை, வெறும் வயிற்றோடு முதல் பூசை கண்டு, அதன்பிறகே கரைக்குச் சென்று மீன் ஏலம் எடுத்து, உள்நாட்டு ஊர்களுக்கு நடந்தார்கள். மீன் கடவத்தோடு பேருந்தில் ஏற விடாத காலம் அது.

குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956-ஆம் ஆண்டில், மூன்று பிள்ளைகளோடு கைம்பெண்ணானார்கள். உறவினர் சிலர் தம் வீட்டுக்கு வந்துவிடும்படி அழைத்தார்களாம். பாட்டியார் போகவில்லை. கடன் வாங்கினார்கள், அடைத்தார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இருந்தும் காலைப் பூசையை விட்டதில்லை. கடவத்தைக் கோயில் மதிலோரம் இறக்கி வைத்து, சும்மாட்டுத் துணியை உதறி முக்காடாகப் போட்டுக்கொண்டு உள்ளே வருவார்களாம். மூத்தோர் இன்றும் நமக்கு அதை நடித்துக் காட்டுகிறார்கள்.

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்டது. அதன் பயனாகச் சில ஆண்டுகளில் லத்தீன் பூசை தமிழ்த் திருப்பலியாயிற்று. பலர் வருந்தினர். பாட்டியாரோ, "இதுவரைக்கும் புரியாம ஆமென் சொன்னேன். இனி புரிஞ்சுதான் சொல்லணும்" என்றார்களாம். அன்றுமுதல், புரியாததை எந்தக் குருவிடமும் கேட்காமல் விட்டதில்லை. எந்தப் பிரசங்கம் நீண்டது என்று சொல்லவும் தயங்கியதில்லை. இதற்கு நாமே சாட்சி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலையில் அவர்கள் வீடு போயிற்று. அப்போது வயது 75. நிவாரண முகாமில், என்ன வேண்டும் என்று கேட்டவர்களிடம் கடவம் ஒன்று வேண்டும் என்றார்களாம். மீன் வாங்கவே மக்கள் அஞ்சிய நாட்கள் அவை. விற்காமல் திரும்பிய மறுநாளும் அதே வீடுகளுக்கு நடந்தார்கள். "நான் போகலன்னா அவிய பயம் எப்படித் தீரும்?" என்பது அவர்கள் நியாயம்.

பாட்டியாரைப் பீடத்தில் ஏற்றிவைக்க நாம் முயலவில்லை. முன்கோபம் உண்டு. விலையில் பிடிவாதம் உண்டு. பாவசங்கீர்த்தன வரிசையில், சந்தைக்கு நேரமாகிறதென்று பிறரை முந்திச் சென்றதும் உண்டு. ஆனால் யாருக்கும் அஞ்சியதில்லை. யாருடைய நிழலிலும் நின்றதில்லை.

இனி, நம் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் இப்பங்கின் பொறுப்பேற்ற ஆண்டில், ஒரு நாள் பாட்டியார் கோலூன்றிப் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். வரிப் புத்தகத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டினோம். மகன் பெயருக்குக் கீழே, 'தாய்' என்ற ஒரே சொல் இருந்தது.

"எனக்க பேரு எங்க சாமி?" என்று கேட்டார்கள். மகன் கட்டும் வரியே போதும், கைம்பெண்களுக்கு வரி வேண்டாம் என்று நாம் இதமாகச் சொன்னோம். பாட்டியார் நம்மை ஏறிட்டுப் பார்த்தார்கள். "செத்தா எனக்குக் குழி தனியாத்தான வெட்டுவிய? பேர மட்டும் ஏன் மவன்கூட சேத்து எழுதுறிய?"

அன்பர்களே, நம் ஊர் வழக்கத்தை அறிவீர்கள். வரி கட்டும் குடும்பத் தலைவரே பொதுக்கூட்டத்தில் பேசவும் கை தூக்கவும் உரியவர். கைம்பெண்ணுக்கு வரி தள்ளுபடி. இது இரக்கத்தால் வந்த ஏற்பாடே. ஆனால் வரியோடு குரலையும் சேர்த்துத் தள்ளுபடி செய்துவிட்டோம். பாட்டியார் கேட்டது சலுகையன்று. சுமையில் பங்கு, பேச்சிலும் பங்கு.

நாம் குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றவர்கள். 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில், 208-ஆம் சட்டம் திருமுழுக்குப் பெற்ற அனைவரும் மாண்பில் சமம் என்கிறது. 212-ஆம் சட்டம், திருச்சபையின் நலன் பற்றிய தம் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமையும், சில வேளை கடமையும் உண்டு என்கிறது. தேர்வுக்காக இதைப் படித்தோம். ஆனால் பள்ளிக்கூடம் போகாத ஒரு தாய்தான் அதன் பொருளை நமக்குப் போதித்தார்கள்.

லூக்கா நற்செய்தியில் அன்னா என்னும் கைம்பெண்ணைக் காண்கிறோம். 84 வயதிலும் ஆலயத்தை விட்டு நீங்காது நோன்பிலும் மன்றாட்டிலும் நிலைத்தவர். அவரைச் செபத்திற்கு மாதிரியாகவே காட்டுகிறோம். ஆனால் குழந்தை இயேசுவைக் கண்டதும் அவர் எல்லாரிடமும் பேசவும் செய்தார். செபித்த வாய்க்குப் பேசவும் உரிமை உண்டு. பாட்டியார் கோயிலில் முழந்தாளிட்டதும், பங்கு இல்லத்தில் நிமிர்ந்து கேட்டதும் ஒரே விசுவாசத்தின் இரு பக்கங்கள்.

அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று நாம் அன்று சொல்லி அனுப்பினோம். கூட்டங்கள் வந்தன, போயின. ஊரில் சலசலப்பு வருமோ என்று அஞ்சினோம். அவர்கள் மறுமுறை கேட்கவில்லை. நாள்தோறும் பூசைக்கு மட்டும் வந்தார்கள். கடைசியில், அவர்கள் சொன்னபடியே குழியைத் தனியாக வெட்டினோம். பெயரை எழுதவில்லை. இது நம் குற்றம்.

ஆகவே, புகழுரையில் அப்பெயரைச் சொல்ல நமக்குத் தகுதியில்லை. புகழ் அவர்கள் கேட்டதன்று. ஏட்டில் எழுதுவதே அவர்கள் கேட்டது. விழா முடிந்தபின் வரும் பொதுக்கூட்டத்தில், நம் பங்கின் கைம்பெண்கள் ஒவ்வொருவரையும் அவரவர் சொந்தப் பெயரில், குரல் உரிமையோடு பதிவதற்கான தீர்மானத்தை முன்வைப்போம். வரி கட்ட இயலாத ஏழைக்கும் அவ்வுரிமை குறையலாகாது. இதற்கு உங்கள் சம்மதத்தைப் பணிவோடு வேண்டுகிறோம். நீங்கள் இசைந்தால், அப்புதிய ஏட்டின் முதல் வரியில் பாட்டியாரின் பெயரை நம் கையாலேயே எழுதுவோம்.

ஆண்டவர் அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியை அளிப்பாராக. நமக்கோ, அவர்களுடைய துணிவில் ஒரு பங்கை அருள்வாராக. ஆமென்.