கண்மணியில் வெள்ளை

ஃப்ளாஷ் போட்டுக் குழந்தையைப் படம் எடுக்கிறீர்கள். கண்மணி சிவப்பாகத் தெரியவேண்டிய இடத்தில், ஒரு கண்ணில் மட்டும் பூனைக்கண்போல் வெள்ளையாக மின்னுகிறது. கேமரா கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஏறக்குறைய 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு, பெரும்பாலும் 5 வயதுக்குள் வருவது அது.

உடம்பில் வேறு இடத்தில் கட்டி என்றால் ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பார்கள். இந்தக் கட்டிக்கு அது ஆகாது. ஊசி குத்திய வழியாகவே புற்றணுக்கள் கண்ணுக்கு வெளியே பரவிவிடலாம். ஆகவே டாக்டர் பார்த்துத்தான் முடிவு சொல்லவேண்டும். சொட்டு மருந்து விட்டு, சின்னக் குழந்தைக்கு மயக்கமும் கொடுத்து, விழித்திரையின் ஓரம்வரை பார்ப்பார். ஸ்கேனில் கட்டிக்குள் சுண்ணாம்புப் படிவு தெரிந்தால் புற்று என்ற சந்தேகம் வலுக்கும்.

சிக்கல் இங்கேதான். ரெட்டினோமா என்ற அபூர்வக் கட்டியிலும் சுண்ணாம்பு இருக்கும். ஆனால் அது தீங்கற்றது. ஒளி ஊடுருவும் சாம்பல் நிறம், சுற்றிலும் நிறம் மாறி மெலிந்த விழித்திரை, புடைக்காத ரத்தக்குழாய்கள் என்று அதற்குச் சில அடையாளங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது வளராது. வளரவில்லை என்பதை ஒரே நாளில் சொல்ல முடியுமா? அவ்வப்போது படமெடுத்து ஒப்பிட்டால்தான் தெரியும். டாக்டர் திரும்பத் திரும்ப வரச்சொல்வது இதற்காகத்தான். அலுத்துப்போய் நிறுத்திவிடாதீர்கள்.

ரெட்டினோமா என்று உறுதியான பிறகும் கண்காணிப்பு வேண்டும். புற்றுக்கும் இதற்கும் வேர் ஒன்றே: ஆர்பி1 என்ற மரபணுவில் ஏற்படும் பழுது. அமைதியாக இருந்த கட்டி ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறியதும் உண்டு. பெரியவர் ஒருவருக்குத் தற்செயலாக இது தெரியவந்தால், அவருடைய பிள்ளைகளின் கண்களையும் பிறந்ததிலிருந்தே சோதிக்கவேண்டும்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குக் கவலை தருகிறது. மாறுகண்ணும் இந்தப் புற்றின் அறிகுறியாக இருக்கலாம். நேரத்தோடு வந்தால் மருந்து, லேசர், உறையவைக்கும் சிகிச்சை ஆகியவற்றால் உயிரோடு பல சமயம் கண்ணையும் காப்பாற்ற முடிகிறது.

எனவே பெற்றோர்களே, வெள்ளை தெரிந்தாலோ, கண் புதிதாக மாறினாலோ, நாள் கடத்தாமல் அந்த வாரமே கண் டாக்டரிடம் போங்கள். அந்தப் படத்தையும் அவரிடம் காட்டுங்கள்.