குறைந்து செல் விளைவு



பொருளியலார் 'குறைந்து செல் விளைவு விதி' என வழங்குவதை உளுந்தூர்பேட்டை வட்டாரத்து நெல்வயலிலேயே காணலாம். நிலமும் நீரும் மாறாதிருக்க, உரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே சென்றால், ஒவ்வொரு மூட்டையாலும் கிட்டும் கூடுதல் விளைச்சல் ஓர் அளவிற்குப்பின் குறைந்துகொண்டே வரும். 1815ஆம் ஆண்டில் மால்தஸ், ரிக்கார்டோ முதலியோர் இங்கிலாந்தின் விளைநிலங்களைக் கொண்டே இவ்விதியை விளக்கினர்.

45 கிலோ யூரியா மூட்டையொன்றில் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்து உண்டு. கணக்கிற்காக, ஓர் ஏக்கரில் முதல் மூட்டையால் 200 கிலோ நெல் கூடுகிறது எனக் கொள்க. இரண்டாவதால் 100 கிலோ, மூன்றாவதால் 10 கிலோ. மொத்த விளைச்சல் இன்னும் உயர்கிறது; எனினும் மூன்றாம் மூட்டை தன் விலைக்கும் கூலிக்கும் ஈடு செய்ததா என்பதே கேள்வி.

எல்லை கடந்தால் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. தழைச்சத்து மிகுந்த பயிர் எளிதில் சாயும். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் பெருகும். பின் நஞ்சு தெளிக்க நேரும். வேண்டாத ஒரு மூட்டை எண்ணற்ற சிற்றுயிர்களின் வதைக்கு வித்தாகிறது.

நள்ளிரவு கடந்து படிக்கும் மாணவருக்கும், கடைக்குமேல் கடை திறக்கும் வணிகருக்கும் இது பொருந்தும். இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமை, சேர்ப்பதற்கு எல்லையை முன்னரே வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. அடுத்த மூட்டையைப் பிரிக்குமுன் அது தருவதையும் கொள்வதையும் எண்ணிப்பார்ப்பது அந்நோன்பிற்கு அணுக்கமான செயலே.