பரல் எதுவென்று கேட்டிருந்தால்

சிலப்பதிகாரத்தின் உச்சக்கட்டம் எதுவென்று கேட்டால், மதுரை எரிந்த காட்சியையே பலரும் சொல்வர். கூத்து மேடைகளிலும் அதற்கே கைதட்டல். என் எண்ணம் வேறு. அக்காவியத்தின் அவலம் முழுவதும் அதற்கு முன் வரும் இரண்டு சிறிய இடங்களில் அடங்கிவிடுகிறது.

முதலாவது கொலைக்களக் காதையில் வருகிறது. பாண்டியன் அப்போது அரியணையில் இல்லை. அவன் ஆடல் மகளிரைப் பார்த்திருந்தது பிடிக்காமல், தலைநோவென்று சொல்லி எழுந்துபோன தேவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் எதிர்ப்பட்டு, அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் தன் குடிலில் இருப்பதாகச் சொல்கிறான். மன்னன் காவலரை அழைக்கிறான். சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவரும்படி ஏவுகிறான். அவ்வளவுதான் விசாரணை! இளங்கோ இவனைக் கொடியவனாகப் படைக்கவில்லை, அவசரக்காரனாகவே படைத்தார். காவலர்கூட, கோவலனைக் கண்டால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகின்றனர். கடைசியில் கல்வியறிவற்ற குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இரண்டாவது வழக்குரை காதை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. தம்முடையது முத்து என்கிறான் மன்னன்.

வண்ணாத்திவில்லிலிருந்து பேசும் எனக்கு அந்த முத்து புதிதல்ல. இங்கிருந்து வடக்கே வில்பத்துக் காட்டைக் கடந்தால் குதிரைமலை, அப்பால் சிலாவத்துறை. பழைய முத்துச் சலாபங்கள் நடந்த கடல் அது. அதே வளைகுடாவின் எதிர்க்கரையில் பாண்டியரின் கொற்கை. அந்த அரண்மனைச் சிலம்பில் முத்து இல்லாமல் வேறென்ன இருக்கும்?

ஆனால் கவனியுங்கள். பரல் முத்து என்பதை மன்னன் எவரிடமும் கேட்டறியவில்லை. அது அவனுக்கு முன்பே தெரியும். கோவலனை அழைத்து, "உன் சிலம்பின் பரல் என்ன?" என்று கேட்டிருந்தால் வழக்கே முடிந்திருக்கும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் இந்தப் புத்தளம் மாவட்டத்திற்கே வந்து சேர்ந்தனர். அவர்களிடமும் எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேளாமல் விதித்த தண்டனை எத்தகையது என்பதை விளங்கிக்கொள்ள அந்தக் குடும்பங்களுக்கு உரையாசிரியர் தேவையில்லை.

அறியாமை நீங்குவதும் வாழ்வு தலைகீழாவதும் ஒரே கணத்தில் நிகழ்வதே சிறந்த அவலம் என்றார் அரிஸ்டோட்டில். கைக்குட்டை ஒன்றைச் சான்றாகக் கொண்டு மனைவியைக் கொன்ற ஒத்தெல்லோவுக்கும் உண்மை பிந்தியே வருகிறது. பாண்டியனுக்கோ உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கமே போதுமாயிருந்தது. சாட்சி கேட்கவில்லை, பொற்கொல்லன் மீது பழிபோடவுமில்லை. தானே கள்வன் எனத் தீர்ப்புரைத்துச் சாய்கிறான். தேவியும் அவனோடு வீழ்கிறாள். காணாமற்போன அவளுடைய முத்துச் சிலம்பைப் பற்றி அந்த அவையில் அதற்குமேல் பேச்சே இல்லை.