மணியைக் கட்டியது சட்டம், இழுப்பது யார்?

(மீஞ்சூர் பட்டிமன்றம். தலைப்பு: ‘நிறுவனங்களை நேர்மையாக நடக்க வைப்பது சட்டத்தின் பிடியா? பங்குதாரரின் விழிப்பா?’ இரண்டாவது அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் சட்டப் புத்தகமும் கையுமாக அமர்ந்திருக்கும் அம்மா அவர்களே, கும்மிடிப்பூண்டி ரயிலை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இந்தப் பந்தலுக்கு வந்திருக்கும் மீஞ்சூர்ப் பெருமக்களே!

அம்மா ரொம்ப நல்லா பேசினாங்க. கம்பெனிச் சட்டம், செபி, தணிக்கையாளர், சுயேச்சை இயக்குநர் என்று அடுக்கிக்கொண்டே போனாங்க. “இத்தனை காவல் இருக்கும்போது திருடன் எப்படிம்மா வருவான்?”னு கேட்டாங்க. அம்மா, உங்க வீட்டுல பூட்டு இருக்கு. பூட்டாமத் தூங்கினா பூட்டு என்ன செய்யும்? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 1994-ல் ஊரே பங்கு வாங்கியது. நானும் ஒரு கம்பெனியில் 100 பங்கு வாங்கினேன். வருஷா வருஷம் ஆண்டறிக்கை வரும். பளபளன்னு தாள். நான் படிச்சேனா? என் வீட்டுக்காரம்மா அதை அலமாரியில விரிச்சுட்டாங்க. மேலே மிளகாய்த்தூள் டப்பா, கீழே தலைவர் உரை. (சிரிப்பு) பொதுக்கூட்டத்துக்கு ஒரே ஒரு தடவை போனேன். எதுக்கு? ஸ்வீட்டும் மிக்சரும் தருவாங்கன்னு சொன்னாங்க. மேடையில் “தீர்மானத்தை ஆதரிப்பவர்கள்?” என்றார்கள். ஒரு கையில் பொட்டலம். இன்னொரு கையைத் தூக்கிட்டேன். எந்தத் தீர்மானம்? தெரியாது. சில வருஷத்தில் கம்பெனியும் இல்லை, என் பணமும் இல்லை. ஏமாத்திட்டாங்கன்னு ஊரெல்லாம் புலம்பினேன். ஆனால் ஐயா, அன்னிக்குத் தூக்கின கை என் கைதானே!

சரி, சட்டத்தின் காவல் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். ஐதராபாத் சத்யம் கம்பெனி. இயக்குநர் குழுவில் பெரிய பெரிய பேராசிரியர்கள். கணக்குப் பார்த்தது உலகப் புகழ் பெற்ற தணிக்கை நிறுவனம். 2008-ல் நல்ல நிர்வாகத்துக்கென்று தங்க மயில் விருது வேறு! அதே ஆண்டு டிசம்பர் 16. நிறுவனர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தாருடைய இரண்டு கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்க இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தது. படித்த மேதைகள் அத்தனை பேரும் சரி என்றார்கள். பங்குதாரர்கள் ‘முடியாது’ என்று கொதித்தார்கள். பொழுது விடிவதற்குள் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்த மூணே வாரத்தில், 2009 ஜனவரி 7-ல், ராஜுவே கடிதம் எழுதினார். கணக்கில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் பொய்! அந்தப் பொய்யை மூடத்தான் அந்தக் கம்பெனிகளை வாங்கப் பார்த்தோம் என்றார். அம்மா, தணிக்கையாளர் கண்ணில் படாத பொய் வெளியே வந்தது எதனால்? பங்குதாரர் சொன்ன ஒரு ‘மாட்டேன்’ என்ற வார்த்தையால்! (கைதட்டல்)

“பாதிப் பங்கு முதலாளி கையில். நூறு பங்கு வெச்சிருக்கிறவன் சத்தம் எடுபடுமா?” என்று கேட்டாங்க. நியாயமான கேள்வி. இங்கே பக்கத்தில் திருவொற்றியூர். புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரித்த மண். ராயல் என்ஃபீல்டின் தாய்க் கம்பெனி ஐஷர் மோட்டார்ஸ். 2021 ஆகஸ்டில் அதன் மேலாண்மை இயக்குநரை மறுபடி நியமித்துச் சம்பளம் நிர்ணயிக்கும் சிறப்புத் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. 75 சதவீதம் வேண்டும். கிடைத்தது சுமார் 73. தோற்றது! அவரை யாரும் தப்புச் சொல்லவில்லை. சம்பள அளவுதான் உறுத்தியது. உச்சவரம்பைக் குறைத்து மறுபடி கேட்டார்கள், ஓட்டும் கிடைத்தது. பாதிப் பங்கு கையில் இருந்தாலும், நாலில் ஒரு பங்கு எதிர்த்து நின்றால் நிர்வாகம் நின்று பேசித்தான் ஆகணும்.

அந்த ஓட்டைக் காலத்தில் போடாவிட்டால்? இதைச் சொல்ல எனக்கே தொண்டை அடைக்கிறது. 1926-ல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி. ‘நம்ம பேங்க்’ என்று தாத்தா வாங்கி, அப்பா காத்து, பிள்ளைக்கு வைத்த பங்கு. வருஷக்கணக்கில் நஷ்டம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டது. 2020 செப்டம்பர் 25-ல்தான் பங்குதாரர்கள் பொங்கி எழுந்தார்கள். தலைமை நிர்வாகி உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தை ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். வீரம்தான். ஆனால் வீடு பாதி எரிந்த பிறகு கிணறு வெட்டிய வீரம். நவம்பர் 17-ல், 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. நவம்பர் 27-ல் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. டெபாசிட் போட்டவர் பணம் தப்பியது. பங்கு வைத்திருந்தவருக்கு? பூஜ்யம். தாத்தாவின் பங்குப் பத்திரம் வெறும் காகிதம்!

இது பணத்தோடு போச்சு. நம்ம ஊருக்கு வருவோம். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலியில் சென்னை பெட்ரோலியம் ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் வந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, எண்ணூர் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. தூக்கத்தில் இருந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். இரண்டுமே பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள். வருஷா வருஷம் பொதுக்கூட்டம் உண்டு. அங்கே போகிற பங்குதாரர் “டிவிடெண்ட் எவ்வளவு?” என்பதோடு, “குழாயை எப்போ சோதிச்சீங்க? மழைக்கு முன்னால் கரையை உயர்த்தினீங்களா?” என்றும் கேட்க வேண்டாமா? மீனவன் வாசலில் நின்றுதான் கேட்க முடியும். பங்குதாரர் உள்ளே உட்கார்ந்து கேட்கலாம்!

“எங்ககிட்ட பங்கே இல்லையே”ன்னு முன்வரிசையில் ஒரு ஐயா தலையாட்டறார். ஐயா, உங்க சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறாங்களா? அதில் ஒரு பகுதி 2015 ஆகஸ்டிலிருந்து பங்குச் சந்தைக்குப் போகிறது. மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டில் போடறீங்களா? அந்த ஃபண்டும் உங்க பணத்தை வைத்துத்தான் ஓட்டுப் போடுகிறது. எப்படிப் போட்டது என்று வெளியிடவும் வேண்டும். கேளுங்க, நம்ம பணம்!

கேட்பதும் கஷ்டமில்லை. கூட்டத்துக்கு 21 நாள் முன்னாடி அறிவிப்பு வரும். பட்டியலிட்ட கம்பெனிக்கு மூன்று நாள் மின்னணு வாக்குப்பதிவு உண்டு. உலை வைத்துவிட்டு, சோறு வேகும் நேரத்தில் கைப்பேசியில் போட்டுவிடலாம். முகமதிப்பில் 20,000 ரூபாய் வரை பங்குள்ள சிறு பங்குதாரர்கள் ஆயிரம் பேரோ, மொத்தச் சிறு பங்குதாரரில் பத்தில் ஒருவரோ, இதில் எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்தால், தங்களுக்கென்று ஓர் இயக்குநரைத் தேர்ந்தெடுக்கக் கேட்கலாம். இதெல்லாம் சட்டத்தில் இருப்பதுதானே என்பாங்க அம்மா. ஆமாம்மா, சட்டம் வேண்டாம்னு நான் எப்போ சொன்னேன்?

திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் மணி கட்டினான். அதுதான் சட்டம். ஆனால் கன்றை இழந்த பசு வந்து இழுக்கிற வரைக்கும் அந்த மணி சும்மாதான் தொங்கியது. வாயில்லாத ஜீவன் இழுத்தது. வாயுள்ள நாம் மிக்சர் பொட்டலத்தோடு கையைத் தூக்குகிறோம். பசுவாவது கன்று செத்த பிறகுதான் வந்தது. நமக்கு வருஷம் ஒரு முறை, கன்று உயிரோடு இருக்கும்போதே மணி கையில் கிடைக்கிறது.

ஆகவே, மணியைச் சட்டம் கட்டட்டும், இழுத்து நீதி கேட்பது பங்குதாரரின் விழிப்பே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு, வீட்டுக்குப் போனதும் அலமாரித் தாளை ஒருமுறை எடுத்துப் படியுங்கள் என்று உங்களையும் கேட்டு விடைபெறுகிறேன். (கைதட்டல்)