துண்டும் கடன் சீட்டும்

(மாத்தளை நகரில் விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் கூடிய பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



கடனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்தபோது, "அந்தத் தலைப்பு வேண்டாம், கூட்டம் சேராது" என்று நண்பர் சிலர் தடுத்தார்கள். ஏன் என்று கேட்டேன். "கடன் பட்டவன் வரமாட்டான், வந்தால் ஊர் அறிந்துவிடும்" என்றார்கள். இப்போது இந்த மண்டபம் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நிற்கிறார்கள். ஒன்று, மாத்தளையிலே கடன் இல்லாதவர்கள் இத்தனை பேர் இருக்கவேண்டும். அல்லது நம் மக்கள் வெட்கத்தை விட்டு வெளியே வரத் துணிந்துவிட்டார்கள் என்று கொள்ளவேண்டும். இரண்டாவதே உண்மை என்று நான் நம்புகிறேன்.

நம் முன்னோர் இந்த மாவட்டத்துக்குள் எப்படி வந்தார்கள்? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து, இந்த மாத்தளை வழியாகத்தான் கோப்பித் தோட்டங்களுக்கு ஏறினார்கள். வழியில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். மாளாமல் வந்து சேர்ந்தவன் தோட்டத்தில் கால் வைத்த அன்றே கடனாளி. கங்காணி கொடுத்த வழிச்செலவு கடன். வாங்கிய கம்பளி கடன். தின்ற அரிசி கடன். அந்தக் கடனுக்கு ஒரு தாள் இருந்தது. அதன் பெயர் துண்டு. இன்னாருடைய கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுப்பதுதான் துண்டு. மற்றொரு துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். ஆள் இடம் மாறுவான். கடனும் அவனோடு கூடவே இடம் மாறும். மாறும் போதெல்லாம் வளரும். தன் பெயரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதை அந்தத் தொழிலாளி அறியமாட்டான். தாள் அவன் கையில் இருந்ததேயில்லை.

1921-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றித் துண்டை ஒழித்தார்கள். நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. நான் இன்று கேட்க வந்திருப்பது ஒரே ஒரு கேள்வி: துண்டு ஒழிந்ததா, பெயர்தான் மாறியதா?

சில மாதங்களுக்கு முன் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நகை அடகுச் சீட்டு இரண்டு, வாரக் கட்டு எழுதும் அட்டை மூன்று, நீதிமன்ற அழைப்பாணை ஒன்று. "ஐயா, நான் வாங்கியது அறுபதினாயிரம். இதில் ஒரு இலட்சம் என்று இருக்கிறதாம். மகன் படித்துச் சொன்னான்" என்றார். எதில் கையெழுத்து வைத்தீர்கள் அம்மா என்று கேட்டேன். "எழுத்தில்லாத தாளில், மூன்று இடத்தில்" என்றார். அந்தத் தாளின் பிரதி உங்களிடம் உண்டா என்று கேட்டேன். அப்படி ஒன்றைக் கேட்டு வாங்கலாம் என்பதையே அவர் அன்றுதான் அறிந்தார். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அதற்குமேல் இங்கே சொல்லுதல் முறையன்று. ஆனால் ஒன்று சொல்லலாம்: அந்தப் பையைப் போன்ற பைகள் இந்த மண்டபத்தில் இருப்போரின் வீடுகளிலும் இருக்கின்றன.

ஏன் கடன் படுகிறார்கள்? திருவிழாவுக்கும் பூப்புனித நீராட்டுக்கும் அளவுக்கு மீறிச் செலவு செய்கிறார்கள் என்று நகரத்துக் கனவான்கள் சொல்லுவார்கள். செய்கிறவர்கள் இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆயினும் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டு ஏப்பிரலில் இந்த நாடே தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி விலைவாசி ஓராண்டில் 69.8 வீதம் ஏறியிருந்தது; உணவு விலை மட்டும் 94.9 வீதம். மறு ஆண்டு குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் வீடு வீடாகச் சென்று விசாரித்தது. நூற்றுக்கு 60 குடும்பங்களில் வருமானம் குறைந்திருந்தது. 91 குடும்பங்களில் செலவு கூடியிருந்தது. அந்த நெருக்கடியினாலேயே கடனில் விழுந்தவை 22 குடும்பங்கள். நாடு வாங்கிய கடனுக்குத் தவணை கேட்கப் பெரிய பெரிய அதிகாரிகள் விமானம் ஏறினார்கள். வீடு வாங்கிய கடனுக்குத் தவணை கேட்க யார் போனார்கள்?

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021-இல் 1,000 ரூபாவாயிற்று. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் மாவின் விலையும் அரிசியின் விலையும் எங்கே போயின என்பதைத் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விவசாயியின் கதையோ வேறு. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார்கள். நவம்பரில் தடையை நீக்கினார்கள். இடையில் போன போகம் போனதுதான். கலேவெலையிலும் தம்புள்ளையிலும் பெரிய வெங்காயம் போடுகிறவர் விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்குவார், அறுவடையன்று எல்லோருடைய வெங்காயமும் ஒன்றாய்ச் சந்தைக்கு வரும், விலை விழும். உக்குவளையில் மிளகுக் கொடி வைத்திருப்பவர், காய் முற்றுமுன்னே வியாபாரியிடம் முற்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்குக் கொடியிலேயே விற்றுவிடுவார். அதுவும் கடன்தான்; வட்டி என்ற பெயர் அதற்கு இல்லை, அவ்வளவே.

வங்கிக்குப் போகலாமே என்பீர்கள். வங்கி ஈடு கேட்கும். பரம்பரை பரம்பரையாக லயத்தில் குடியிருப்பவனுக்கு அந்தக் காம்பிராவின் மேல் உறுதி இல்லை. உறுதி இல்லாதவனுக்கு ஈடு இல்லை. ஈடு இல்லாதவனுக்கு வங்கி இல்லை. ஆகவே மனைவியின் கழுத்து முதல் வங்கி. அது வெறுமையானபின், லய வாசலுக்கே மோட்டார் சைக்கிளில் வந்து கடன் கொடுக்கும் கம்பனிக்காரர் இரண்டாவது வங்கி. அவருக்கு ஈடு வேண்டாம். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற நால்வரும் அவள் வாசலில் போய் நிற்பார்கள். அயலாரையே தண்டற்காரர் ஆக்கிவிட்ட கெட்டித்தனத்தை என்னவென்று சொல்வது!

வட்டிக் கணக்கைக் கேளுங்கள். ஐம்பதினாயிரம் தருகிறார்கள், வருடத்துக்கு 24 வீதந்தான் என்கிறார்கள். வட்டி 12,000; மொத்தம் 62,000; 52 வாரத்தில் வாரம் ஏறத்தாழ 1,192 கட்டவேண்டும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறது. வட்டியோ கடைசி வாரம்வரை முழு ஐம்பதினாயிரத்துக்கும் கணக்கிடப்படுகிறது. குறையும் முதலுக்குக் கணக்கிட்டால் அந்த 24 வீதம் உண்மையில் 44 வீதத்தை ஒட்டி வரும். படிவச் செலவு, காப்புறுதி என்று முதலிலேயே பிடித்துக்கொண்டால் இன்னும் ஏறும். தனியாரிடம் வாங்கும் பத்து வட்டியோ மாதக் கணக்கு. ஆண்டுக்கு 120 வீதம்.

2018-இல் அரசாங்கம் விழித்தது. கட்ட முடியாத பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக நிதி அமைச்சர் மங்கள சமரவீர அறிவித்தார்; வட்டிக்கு 35 வீத எல்லையும் அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் அந்தத் தள்ளுபடி வறட்சி கண்ட 12 மாவட்டங்களுக்கு. வடக்கு, கிழக்கு, வடமத்தி, வடமேல் மாகாணங்கள் அதில் இருந்தன, மாத்தளை இல்லை. தம்புள்ளைக்கு அப்பால் எல்லையைக் கடந்தால் கடன் தள்ளுபடி. இப்பால் இருந்தால் கட்டியாகவேண்டும்! அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் பொகொஸ்லாவ்ஸ்கி இங்கே வந்து, தவணை தண்ட வருவோர் பெண்களை எவ்வளவு இழிவாக நடத்துகிறார்கள் என்பதை உலகறிய எடுத்துரைத்தார். 2021 மார்ச் 8 அன்று நமக்கு அடுத்த பொலன்னறுவை மாவட்டத்தில், இங்குராக்கொடையில், கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். 55 நாள் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் சிங்களப் பெண்கள், நாம் தமிழர் என்று ஒதுங்கி நிற்பீர்களா? வாரக் கட்டு அட்டைக்கு மொழி வேற்றுமை கிடையாது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் 1918-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கப் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் என்று ஒன்று உண்டு. நூறாண்டுக்கு மேற்பட்டது, நம் மக்களில் பெரும்பாலோர் பெயர்கூடக் கேட்டிராதது. கடனுக்காக எழுதும் நோட்டிலே, உண்மையில் கொடுத்த தொகை எவ்வளவு, முன்கூட்டிப் பிடித்த வட்டி எவ்வளவு, ஆண்டு வட்டி வீதம் எவ்வளவு என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்று அது சொல்கிறது. எழுதாத நோட்டை வைத்துக்கொண்டு கடன் கொடுத்தவர் பணம் அறவிட முடியாது. கவலையீனத்தால் நேர்ந்தது, ஏய்க்கும் எண்ணம் இல்லை என்று நீதிபதியை நம்பச் செய்தால்தான் அவருக்கு விலக்கு. தொகையை எழுதாமல் வெறுமையாக நோட்டு வாங்குவதும், பொய்த் தொகை எழுதி வாங்குவதும் குற்றம். வட்டி மிதமிஞ்சியது, பேரம் கொடியது என்று கண்டால் நீதிமன்றம் அந்தக் கணக்கையே திறந்து மறுபடி பார்க்கலாம். 1852-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, அறவிடும் வட்டி முதலை விஞ்சலாகாது என்கிறது. வங்கிகளுக்கும் பதிவு பெற்ற நிதிக் கம்பனிகளுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. நான் சொன்னவை அவற்றுக்கு அப்படியே பொருந்தா. ஊரிலே நோட்டு எழுதி வாங்கும் தனியாருக்கு இவை பொருந்தும்.

காணியை ஈடு வைத்தவர்களும், மீட்டுக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு உறுதி எழுதிக் கொடுத்தவர்களும் கேளுங்கள். 1941-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கடன் இணக்க சபை ஒன்று இருக்கிறது. கொழும்புக்குப் போகவேண்டும், ஆனால் சட்டத்தரணி இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். மீட்புத் தவணை முடியுமுன் போகவேண்டும் என்பதே முக்கியம். தவணை முடிந்து மறுநாள் என்னிடம் வந்து அழுகிறவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?

"பொலிசைக் கூட்டிவருவேன், மறியலுக்குப் போவாய்" என்று மிரட்டுகிறார்கள். ஒப்பந்தப்படி கட்ட வசதியில்லை என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் சிறையில் இடலாகாது என்னும் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980-இலேயே இணைந்துவிட்டது. காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் விஷயம் வேறு. அதனால்தான், கணக்கில் பணம் இல்லாமல் காசோலை எழுதாதீர்கள் என்று மன்றாடுகிறேன். மத்தியஸ்த சபைக்கு அழைத்தால் தவறாமல் போங்கள். ஆனால் அங்கே எழுதும் இணக்கத்தையும் வாசிக்கக் கேட்டபின் ஒப்பமிடுங்கள்.

இங்கே முன் வரிசையில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள்; வைத்தியர்களும் கணக்காளர்களும் என் தொழில் நண்பர்களும் இருக்கிறீர்கள். உங்கள் பாட்டனாரின் பெயரிலும் ஒரு துண்டு இருந்தது. கடன்பட்டவர்களுக்காக நன்கொடை கேட்டு நான் வரவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன். தாளை வாசித்துக் காட்டவும், வட்டியைக் கணக்கிட்டுச் சொல்லவும், பிரதி கேட்டு ஒரு கடிதம் எழுதவும் ஆட்கள் வேண்டும். மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோரிடமும், கட்சி பாராமல், இரண்டு கோரிக்கை வைக்கப் போகிறோம். கடன் பத்திரம் எதுவாயினும், கடன் வாங்குகிறவர் வாசிக்கும் மொழியில், குறையும் முதலுக்கான உண்மை வட்டியோடு, ஒரு பிரதி அவர் கையில் கொடுக்கப்படவேண்டும். கொடுக்காவிட்டால் அக்கடன் நீதிமன்றம் ஏறலாகாது. இது முதலாவது. லயத்தில் வாழ்பவனுக்கு அவன் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி வேண்டும் என்பது இரண்டாவது.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபத்தில் வேலை தொடங்கும். உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்தார் முதலில் வாருங்கள். பையில் இருப்பதையெல்லாம் எடுத்துவாருங்கள். அடகுச் சீட்டு, வாரக் கட்டு அட்டை, கிழிந்த பற்றுச்சீட்டு எதையும் வேண்டாத தாள் என்று நீங்களாகவே எறிந்துவிடாதீர்கள். கையில் தாளே இல்லாதவர்கள், வாங்கிய நாளையும் தொகையையும் இதுவரை கட்டியதையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிவாருங்கள்.